ஜெனரலின் ஞாயிற்றுக்கிழமைகள்

குவாத்தமாலாவை 1982 மார்ச் முதல் 1983 ஆகஸ்ட் வரை ஆண்ட ஜெனரல் எஃப்ராயின் ரியோஸ் மோன்ட் பற்றிப் பேச்சு வந்தால் நம் நண்பர்கள் இரண்டு பதில்களில் ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். அவர் மதத்தைக் கருவியாக்கிக்கொண்டார் என்பது ஒன்று. அமெரிக்கா அவரையும் மதத்தையும் சேர்த்தே கருவியாக்கியது என்பது மற்றது. இரண்டிலும் மதம் யார் கையிலோ இருக்கும் சுத்தியல். அதற்கென்று ஒரு பாஷை இருப்பதாகவோ, அந்தப் பாஷை எதையாவது செய்வதாகவோ இவர்களுக்குத் தோன்றுவதில்லை. ஒரு நாவலை இப்படி வாசித்தால் இவர்களே சண்டைக்கு வருவார்கள்.

1976 பிப்ரவரி பூகம்பத்தில் அந்த நாட்டில் 20,000 பேருக்கு மேல் செத்தார்கள். நிவாரணத்துக்கு வந்தவர்களில் கலிபோர்னியாவின் யுரேகா நகரத்துச் சபை ஒன்றும் இருந்தது. ஹிப்பி இளைஞர்கள் இயேசுவிடம் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த சபை. அது அங்கே ஊன்றிய கிளையின் பெயர் வெர்போ, அதாவது வார்த்தை. கத்தோலிக்கரான ரியோஸ் மோன்ட் 1978ல் அதில் சேர்ந்தார். 1974 தேர்தலில் ஜனாதிபதி பதவி அவரிடமிருந்து மோசடியால் பறிக்கப்பட்டது என்று பலரும் நம்பினார்கள். 1982 மார்ச் 23 அன்று இளம் அதிகாரிகள் ஆட்சியைக் கவிழ்த்துவிட்டு அவரை அழைத்தார்கள். ஜூனில் கூட்டாளிகள் இருவரையும் வெளியே தள்ளிவிட்டுத் தானே ஜனாதிபதி ஆனார். சபை மூப்பர்கள் இருவர் அவருக்கு ஆலோசகர்கள்.

ஞாயிறு தோறும் டெலிவிஷனில் பிரசங்கம். குடும்பம், குடி, மனைவிக்கு உண்மையாக இருத்தல், கீழ்ப்படிதல். நாட்டின் நோய் மனிதனின் இதயத்தில் இருக்கிறது. இதயம் மாறினால் நாடு மாறும். அரசு ஊழியர்கள் திருடமாட்டோம், பொய் சொல்லமாட்டோம், அதிகாரத்தைத் துஷ்பிரயோகம் செய்யமாட்டோம் என்று உறுதிசொல்ல வேண்டியிருந்தது.

இதை வேஷம் என்று நான் நினைக்கவில்லை. வேஷமாக இருந்திருந்தால் ஆபத்து குறைவு. இந்தப் பேச்சின் இலக்கணத்தில் பாவம் என்ற வினைக்குத் தனிமனிதன் ஒருவனே எழுவாயாக முடியும். ஒரு சிலரிடம் குவிந்துகிடக்கும் நிலத்துக்கு இதயம் கிடையாது, ஆகவே அது பாவம் செய்யாது. 1954ல் நிலச் சீர்திருத்தம் செய்த அர்பென்ஸை அமெரிக்க உளவு ஸ்தாபனம் கவிழ்த்ததற்கும் இதில் இடமில்லை. ராணுவம் மனம் திரும்ப முடியாது, எனவே குற்றமும் செய்ய முடியாது. ஆனால் நிலம் கேட்டுக் கூடும் விவசாயிக்கு இதயம் இருக்கிறது, அதில் கலகம் இருக்கிறது. ரோமர் நிருபத்தின் 13ஆம் அதிகாரம் அவனுக்கென்றே எழுதப்பட்டதாகிவிடுகிறது. (நம் பைபிளில் அத்தியாயத்துக்கும் அதிகாரம் என்றே பெயர்.)

இந்த இலக்கணம் மலைப்பகுதியில் என்ன ஆயிற்று என்பது பதிவாகியிருக்கிறது. நெபாஹ், கோட்ஸல், சஹுல் வட்டாரத்து இஷில் மாயா கிராமங்கள் எரிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன, பிழைத்த ஆண்கள் ராணுவத்துக்குக் காவல் சுற்ற வைக்கப்பட்டார்கள். திட்டத்தின் பெயர் 'பீன்ஸும் துப்பாக்கியும்'. 1982 டிசம்பர் 4 அன்று ரீகன் அவரை ஹோண்டுராஸில் சந்தித்து, இந்த மனிதர் மீது அநியாயமாகப் பழி போடுகிறார்கள் என்றார். அதே வாரத்தில் தோஸ் எர்ரெஸ் கிராமத்தில் ராணுவத்தினர் இருநூறு பேர் வரை கொன்றார்கள். டெலிவிஷன் பிரசங்கி பாட் ராபர்ட்ஸன் கடைசிவரை ஜெனரலின் பக்கம். 1981-83 காலத்தில் மாயா மக்கள் மீது இனப்படுகொலைச் செயல்கள் நடந்தன என்று ஐ.நா. ஆதரவு பெற்ற கமிஷன் 1999ல் முடிவு சொன்னது. அவருக்கு முந்தைய ஜெனரலின் மாதங்களும் இதில் சேர்த்தி.

கத்தோலிக்க நண்பர்கள் இங்கே நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். அர்ஜென்டினாவின் ஜெனரல்கள் தவறாமல் பூசைக்குப் போனவர்கள். மலைக்கிராமத்து ஓலைக்கூரைச் சபையையும் தலைநகரத்து வெர்போவையும் ஒன்றாக்கிப் பேசவும் நான் தயாரில்லை. பாதிரிகளும் உபதேசியார்களும் கொல்லப்பட்டு, 1980ல் கிச்சே மறைமாவட்டத்தையே பிஷப் ஹெரார்டி மூட வேண்டிவந்த பின், சுவிசேஷச் சபையில் சேர்வது உயிர் தப்பும் வழியாகவும் இருந்தது. அப்படிச் சேர்ந்தவர்களிலும் பலர் கொல்லப்பட்டார்கள்.

வேதமே கதி என்பவன் சர்வாதிகாரியிடம்தான் போய்ச் சேருவான் என்பதும் பொய். 1934ல் பார்மனில் கூடிய ஜெர்மன் சபையார், கார்ல் பார்த்தின் எழுத்தில், கிறிஸ்துவே கடவுளின் ஒரே வார்த்தை என்று அறிவித்தபோது அது ஹிட்லருக்குத் தலையாட்டிய சபைக்காரர்களுக்கு எதிராகத்தான் பாய்ந்தது. அங்கும் வார்த்தை, இங்கும் வார்த்தை. அங்கே அது ஆள்பவனுக்கு மேலே நின்று அவனையும் கேள்வி கேட்டது. குவாத்தமாலாவில் ஆள்பவனே ஞாயிறு இரவு அதைப் பேசினான், கேட்டவர்களுக்குப் பதில் பேச வழியில்லை. நம் நண்பர்களின் 'கருவி' என்ற சொல் இந்த வித்தியாசத்தின் பக்கமே போவதில்லை.

1983 ஆகஸ்டில் அவருடைய பாதுகாப்பு மந்திரியே அவரைக் கவிழ்த்தார். 1998ல் பிஷப் ஹெரார்டி கொலையானபின் சபையின் மனித உரிமை அலுவலகப் பொறுப்பை ஏற்றவர் பிஷப் மரியோ ரியோஸ் மோன்ட், ஜெனரலின் உடன்பிறந்தவர்.

1,771 இஷில் மக்களின் சாவுக்காக 2013ல் ஜெனரல் மீது வழக்கு நடந்தது. பலாத்காரத்துக்கு ஆளான பெண்கள் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு தங்கள் பாஷையில் சாட்சி சொன்னார்கள். அவரும் பேசினார். தான் எந்த உத்தரவும் இடவில்லை, ராஜ்யத் தலைவனின் வேலை நிர்வாகம், அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தத் தளபதியே பொறுப்பு என்றார். இதயங்களைப் பற்றி மட்டுமே பேசிவந்தவருக்குக் கோர்ட்டில் அமைப்பு ஞாபகம் வந்துவிட்டது. மே 10 அன்று 80 ஆண்டு தண்டனை. பத்து நாளில் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணை முடியுமுன் 2018 ஏப்ரல் 1 அன்று இறந்துபோனார். அது ஈஸ்டர் ஞாயிறு.