ரீஸ்டார்ட் பண்ணினால் மட்டும் போதுமா?

"ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, சரியாயிடும்." கம்ப்யூட்டர் படிக்கிற நமக்கு யாரும் எழுதித் தராத முதல் பாடம் இதுதான். பல நேரம் சரியாகியும் விடுகிறது. அதில்தான் ஆபத்து இருக்கிறது என்பது என் கருத்து.

போன வருஷம் எனக்கு வருமானச் சான்றிதழ் எடுக்க, அம்மா நடவு வேலையை விட்டுட்டு எங்கள் பக்கத்து சேவை மையம் ஒன்றுக்கு வந்தாங்க. "நெட் வரலை, நாளைக்கு வாங்க" என்றார்கள். கரண்ட் இருந்தது, கம்ப்யூட்டர் ஓடியது, கேபிளும் செருகியே இருந்தது. மறுநாள் கூலியும் போச்சு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். "நீ இதைத்தானே படிக்கிற, அது ஏன் வரலை?" என்று அம்மா கேட்டாங்க. 'ரீஸ்டார்ட்' என்பது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

நண்பர்களே, காரணங்கள் எண்ணி நாலைந்துதான். முதலில் கேபிள் செருகும் இடத்தில் உள்ள சின்ன விளக்கைப் பாருங்கள். எரியவில்லை என்றால் கேபிள், முனை, சுவிட்ச், நெட்வொர்க் கார்டு என்று வரிசையாகத் தேட வேண்டும். கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நாலு ஜோடி. 100 மெகாபிட் வேகத்துக்கு ரெண்டு ஜோடி போதும். 1000 மெகாபிட்டுக்கு நாலும் வேண்டும். எலி ஒரு ஜோடியைக் கடித்திருந்தாலும் இணைப்பு தடுமாறும்.

விளக்கு எரிந்தும் நெட் இல்லையா? ஐ.பி. முகவரியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் எழுந்ததும் "எனக்கு ஒரு முகவரி கொடுங்க" என்று கூப்பிடும். இதுதான் டி.ஹெச்.சி.பி. பதில் வராவிட்டால் விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை வைத்துக்கொள்ளும். அதை வைத்து இன்டர்நெட்டுக்குப் போக முடியாது.

ஏன் பதில் வரவில்லை? காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் எல்லாம் ஒன்றாக ஆன் ஆகும். எஸ்.எஸ்.டி. உள்ள கம்ப்யூட்டர் சட்டென்று எழுந்துவிடும். ரவுட்டர் மெதுவாக எழும். பழைய ஸ்பானிங் ட்ரீ முறையில் ஓடும் சுவிட்ச், 15 விநாடி கவனித்து, 15 விநாடி கற்று, அப்புறம்தான் வழிவிடும். அதற்குள் கம்ப்யூட்டர் கூப்பிட்டு ஓய்ந்துவிடும். ரவுட்டரை முதலில் ஆன் பண்ணினாலோ, சுவிட்சில் அந்த போர்ட்டுக்கு 'போர்ட்ஃபாஸ்ட்' வைத்தாலோ தினசரித் தொல்லை தீரும்.

இன்னொன்று, 2012ல் விண்டோஸ் 8 உடன் வந்த 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. ஷட்டவுன் பண்ணினாலும் கெர்னலும் டிரைவர்களும் இருந்த நிலை டிஸ்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பும். டிரைவர் தடுமாறியிருந்தால் அந்தத் தடுமாற்றமும் கூடவே வரலாம். ரீஸ்டார்ட்டில் எல்லாம் புதிதாகத் தொடங்குவதால் சரியாகிறது. நாளைக் காலையில் மறுபடி அதே கதை.

"ஜனங்க வரிசையில் நிற்கும்போது காரணம் தேட நேரம் ஏதுப்பா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதலில் ரீஸ்டார்ட் பண்ணி வேலையை நடத்துங்கள். ஆனால் விளக்கு எரிந்ததா, முகவரி என்ன என்று ரெண்டு வரி எழுதி வைத்துவிட்டுப் பண்ணுங்கள். சாயங்காலம் அந்த ரெண்டு வரி காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

நம் லேபில் ஓடுகிற மெஷினில் கிரிம்பிங் பண்ணுகிறோம், ஐ.பி. வைக்கிறோம், மார்க் வாங்குகிறோம். கெட்டுப்போன ஒன்றைக் கையில் கொடுத்து "ஏன்?" என்று யாரும் கேட்பதில்லை. வேலைக்குப் போனால் முதல் நாளே கெட்டதுதான் நம் கையில் வரும். அதனால் லேபில் ஒரு மேஜையை 'கோளாறு மேஜை' என்று ஒதுக்க வேண்டும். ஜோடி அறுந்த கேபிள், மெதுவாக எழும் ரவுட்டர், தப்பான டிரைவர் போட்ட கம்ப்யூட்டர். இதற்குப் பெரிய செலவில்லை. பழைய சாமான்களே போதும். பக்கத்தில் ஒரு நோட்டு. என்ன கோளாறு, என்ன பார்த்தோம், எதனால் சரியானது என்று ஒவ்வொருவரும் எழுத வேண்டும்.

பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் நம்ம உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை விதிகளைச் செதுக்கினார்கள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை மறுபடி குடத்தில் போடக்கூடாது என்பதும் அவற்றில் ஒன்று. ஒரு மெஷினைத் தொட்டவனும் கணக்குக் காட்டத்தான் வேண்டும். "எப்படியோ சரியாயிடுச்சு" என்பது கணக்கில் சேராது.

அடுத்த பருவம் தொடங்கும்போது அந்த மேஜையும் நோட்டும் லேபில் இருக்கணும். நம் சங்கம் இந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்கட்டும்!