வயர் வாங்குவதற்கு முன் ஒரு தாள்

பழைய வீட்டின் வயரிங்கை மாற்றுவது என்று முடிவானதும் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, எந்த கம்பெனி வயர் வாங்கலாம் என்பது. அடுத்தது, பாயிண்டுக்கு எவ்வளவு கூலி என்பது. இரண்டுக்கும் பதில் கிடைத்ததும் நல்ல நாள் பார்த்துச் சுவரை வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த அறையில் என்ன சாதனம் வரும், அது எவ்வளவு மின்சாரம் இழுக்கும், எதை எதோடு ஒரே லைனில் கொடுக்கக் கூடாது என்ற கணக்கு மட்டும் காகிதத்தில் ஏறுவதே இல்லை. வயரிங் மாற்றத்தில் வீட்டுக்காரரின் பங்கு எலெக்ட்ரீஷியன் படியேறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். அது முடியாத வீட்டில், புது வயர் போட்டாலும் பழைய கோளாறுகள் அப்படியே இருக்கும்.

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய சாதாரண வீட்டில் அறைக்கு ஒரு டியூப்லைட், ஒரு ஃபேன், ஒரு ஐந்து ஆம்பியர் பிளக் இருந்தால் போதும் என்று நினைத்தார்கள். அன்றைக்கு அது போதுமானதாகவும் இருந்தது. இன்று அதே வயரில் 2,000 வாட் கீசரை ஓட்டினால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் ஓடும். இண்டக்ஷன் அடுப்பு இன்னொரு 9. ஒன்றரை டன் ஏ.சி. வெயில் நாளில் 7 ஆம்பியர் வரை இழுக்கலாம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். இந்தச் சூட்டில் மேலுறை இறுகி வெடிக்கத் தொடங்கும்போது முதல் எச்சரிக்கை ஃபியூஸ் போவதாக வரும். நாம் தடிமனான கம்பியைக் கட்டுவோம். எம்.சி.பி. விழுந்தால் 16 ஆம்பியருக்குப் பதில் 32 வாங்கி மாட்டுவோம். எம்.சி.பி.யின் முதல் வேலையே வயரைக் காப்பாற்றுவதுதான். வயர் தாங்குவதைவிடப் பெரியதைப் போட்டால், சுவருக்குள் இருக்கும் வயரே ஃபியூஸாகிவிடும். ஆகவே வயரின் தடிமனும் எம்.சி.பி.யின் அளவும் சாதனப் பட்டியலிலிருந்துதான் வர வேண்டும். லைட், ஃபேன் லைன் ஒன்றில் பத்து பாயிண்ட் அல்லது 800 வாட் என்பது இந்திய வயரிங் நடைமுறையில் நெடுநாளாக உள்ள வரம்பு. கீசருக்கும் ஏ.சி.க்கும் மெயின் போர்டிலிருந்தே தனித்தனி லைன் வேண்டும்.

இதைவிட அதிகம் கவனிக்கப்படாதது மின்கசிவு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் 12,000 பேருக்கும் மேல். வயலிலும் தெருவிலும் நடந்த சாவுகளும் இதில் அடக்கம் என்றாலும், ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொடுகிற நம் வீடுகளை அந்தக் கணக்கிலிருந்து விலக்கிவிட முடியாது. உயிரைப் பறிக்க ஒரு ஆம்பியரில் சிறு பகுதியே போதும், எம்.சி.பி. அதை உணராது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டும் ஆர்.சி.சி.பி.தான் அதற்கான கருவி. புதிய இணைப்புக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்று தமிழ்நாட்டில் விதி இருக்கிறது. பழைய வீடுகளில் இதை மாட்டினால் அடிக்கடி விழுகிறது, தொல்லை என்று கழற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றம் கருவியுடையது அல்ல. ஒரு லைனின் நியூட்ரலை இன்னொன்றோடு முறுக்கி வைத்திருப்பார்கள், யு.பி.எஸ். லைனின் நியூட்ரல் வீட்டு நியூட்ரலோடு கலந்திருக்கும். போகிற மின்னோட்டமும் திரும்புகிற மின்னோட்டமும் ஒத்துவராததால் கருவி சரியாகவே விழுகிறது. ஒவ்வொரு லைனுக்கும் தனி நியூட்ரல், ஒவ்வொரு பிளக்குக்கும் எர்த், யு.பி.எஸ்.ஸுக்குத் தனிப் பாதை என்பதை வயர் இழுத்த பிறகு சேர்க்க முடியாது. மூன்று துளை பிளக் இருக்கிறது, எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை என்ற வீடுகள் எத்தனையோ!

இதெல்லாம் எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும். ஆனால் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவீர்கள், இரண்டு வருடத்தில் இன்னொரு ஏ.சி. வாங்குவீர்களா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மேலும், பாயிண்ட் கணக்கில் கூலி பேசிய பிறகு, நின்று கேள்வி கேட்பதால் அவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. சீக்கிரம் முடிப்பதில்தான் அவருடைய லாபம் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஒப்பந்தம் போட்ட முறை அப்படி. அரசு உரிமம் உள்ள ஒப்பந்ததாரரை அழைப்பதும், பட்டியலையும் அறை வரைபடத்தையும் முன்கூட்டியே கொடுத்து அதன்மேல் விலை கேட்பதும் இந்தக் கோணலை நிமிர்த்தும். மொத்த மின்பளு கூடுகிறது என்றால் மின்வாரியத்தில் விண்ணப்பிக்க வேண்டியதும் அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

செலவு, தூசி, அவ்வளவு நாள் வீட்டைக் காலி செய்வது எப்படி என்ற தயக்கம் நியாயமானது. அதற்கும் பதில் முன்வேலையில்தான் இருக்கிறது. முதலில், வயரின் மேலுறை எவ்வளவு நல்ல காப்பாக இருக்கிறது என்று அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பழைய வயர்களைச் சோதிக்கச் சொல்லலாம். எந்த லைன் தாங்கும், எது தாங்காது என்று தெரிந்தால் எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியிருக்காது. சுவருக்குள் இருக்கும் பைப் நல்ல நிலையில் இருந்தால் அதிலேயே புது வயரை இழுக்கலாம். நாலரை அங்குலச் சுவரில் குறுக்காகக் காடி வெட்டுவது சுவரைப் பலவீனமாக்கும். அங்கே சுவர்மேல் கேசிங் ஓட்டுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறை அறையாகப் பிரித்தால் வீட்டைக் காலி செய்யாமலே முடிக்கலாம், ஃபிரிட்ஜுக்கு ஒரு தற்காலிக லைன் இருந்தால் போதும். பெயிண்டருக்குத் தேதி கொடுத்துவிட்டு அதற்குள் வயரிங்கை முடிக்கச் சொல்லும் வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். பூச்சுக்கு முன் பைப் போகும் பாதையை அளவு டேப் வைத்து போட்டோ எடுத்துக்கொண்டால், பின்னால் ஆணி அடிக்கும்போதும் உதவும். கூலியின் கடைசித் தவணையை, எல்லா லைனிலும் மெக்கரை 500 வோல்ட்டில் வைத்துப் பார்த்த அளவு எழுத்தில் கைக்கு வந்த பிறகு கொடுக்கலாம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே எந்த லைன் காட்டினாலும் பெயிண்டர் காத்திருக்கட்டும்.