வாடகைக் கணக்கில் மறைந்திருக்கும் வட்டி வீதம்

வலிகாமம் வடக்கு மக்கள் 1990 ஜூனில் இடம்பெயர்ந்தார்கள். 2013 ஏப்ரலில், அவர்களின் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் அதிகமான உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றார்கள். பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டாலும், பலாலியைச் சூழ்ந்த ஒரு பகுதி இன்னமும் படையினர் வசமே உள்ளது.

காணி திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதே முதற் கோரிக்கை. பணம் அதற்கு ஈடாகாது. ஆனால் பயன்படுத்திய காலத்துக்கான வாடகை பற்றிப் பேசும்போது, பரப்புக்கு எவ்வளவு என்பதோடு இன்னொரு கேள்வியும் உண்டு: எந்த வட்டி வீதத்தில் கணக்கிடுவது?

1990இல் கொடுபடாத 1,000 ரூபாய் வாடகையை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 வீதக் கூட்டுவட்டியில் 35 ஆண்டுகளில் அது 5,516 ரூபாயாகும். 10 வீதத்தில் 28,102 ரூபாய். 1990இல் ஒரு டொலர் சுமார் 40 ரூபாய். இன்று சுமார் 300. ரூபாயின் வீழ்ச்சியை ஈடுசெய்யவே ஏறத்தாழ 7,500 ரூபாய் வேண்டும். 5 வீதம் அதற்கே போதாது.

எதிர்கால வாடகைக்குக் கணக்குத் தலைகீழாகும். ஆண்டுக்கு ஒரு இலட்சம் வீதம் பத்தாண்டு வாடகையை இன்றே மொத்தமாகத் தருவதாகச் சொன்னால், 8 வீதக் கழிவில் அதன் பெறுமதி 6.71 இலட்சம். 16 வீதத்தில் 4.83 இலட்சம் மட்டுமே. பழைய பாக்கிக்குக் குறைந்த வீதமும் வருங்கால வாடகைக்கு உயர்ந்த வீதமும் கொடுப்பவருக்கே இலாபம். இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் மட்டுமே இது தெரியும்.

அப்படியானால் எது நியாயமான வீதம்? 2019 முதல் நடைமுறையிலுள்ள இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16 ஒரு வழி காட்டுகிறது. குத்தகைக்குள் அடங்கிய வீதம் தெரியாவிட்டால், குத்தகைக்கு எடுப்பவர் அதே காலத்துக்கு, அதேபோன்ற பிணையில் கடன் வாங்கியிருந்தால் கட்டியிருக்கக்கூடிய வட்டியைப் பயன்படுத்த வேண்டும். ஒப்பந்தமே இல்லாத படை ஆக்கிரமிப்பை இந்த நியமம் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதன் தர்க்கம் பொருந்தும். வாடகை கொடுக்காதிருந்த அரசு, உண்மையில் காணிச் சொந்தக்காரரிடம் கடன் பெற்றிருக்கிறது. ஆகவே அரசு தன் திறைசேரி முறிகளுக்குக் கொடுத்த வட்டியே குறைந்தபட்ச அளவுகோலாக வேண்டும்.

அதையும் ஆண்டுக்காண்டு பார்க்க வேண்டும். 2022 நெருக்கடியில் ஓராண்டுத் திறைசேரி உண்டியலுக்கு அரசு ஏறத்தாழ 30 வீத வட்டி கொடுத்தது. பணமுள்ளவர்களுக்கு அந்த வட்டியைக் கொடுத்துவிட்டு, முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் காலம் கழித்தவர்களின் பாக்கிக்கு மட்டும் வேறு வீதம் சொல்ல முடியாது.

எனவே உறுதி, வரைபடம், வரி பற்றுச்சீட்டுகளோடு அந்தந்த ஆண்டின் ஊர் வாடகைக்கான சான்றுகளையும் சேர்த்து வைப்பது நல்லது. மொத்தத் தொகை ஒன்று முன்வைக்கப்பட்டால், எந்த வீதம், எந்த ஆண்டிலிருந்து, கூட்டுவட்டியா தனிவட்டியா என்று எழுத்தில் கேளுங்கள். அந்த மூன்றுக்கும் பதில் இல்லாத தாளில் கையொப்பமிட வேண்டாம்.