பாஸ்வேர்டு சரிதான்... பிறகு ஏன் உள்ளே போக முடியவில்லை?

“சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு பதிவு செய்ய வேண்டும். வீட்டு வை-ஃபையில் இணையதளத்தைத் திறந்தால், ‘தளத்தை அணுக முடியவில்லை’ என்றே வருகிறது. வாட்ஸ்அப் செய்தி மட்டும் வருகிறது. வயலுக்குப் போனால் அதே போனில் தளம் திறக்கிறது. போன் பழுதா, பாஸ்வேர்டு தவறா?”

- வாசகி, திருவாரூர் மாவட்டம்.

இரண்டும் இல்லை. பாஸ்வேர்டு தவறு என்றால், தளம் திறந்த பிறகுதான் அப்படிச் சொல்லும். இங்கே தளத்தின் வாசலுக்கே போன் போய்ச் சேரவில்லை.

போனில் ‘சித்தப்பா’ என்ற பெயரைத் தொட்டால், அதற்குரிய எண்ணுக்குத்தான் அழைப்பு போகிறது. இணையதளமும் அப்படித்தான். நாம் பெயரைக் கொடுக்கிறோம். அதற்குரிய எண்ணை ‘டி.என்.எஸ்’ என்ற பெயர்ப் பதிவேடு எடுத்துத் தருகிறது. அந்தப் பதிவேடு பதில் தராவிட்டால், சிக்னல் முழுதாக இருந்தாலும் தளம் திறக்காது. ஏற்கெனவே எண் தெரிந்த சில செயலிகள் மட்டும் ஓடும்.

வயலில் திறந்து வீட்டில் திறக்காததால், கோளாறு பெரும்பாலும் வீட்டு மோடத்தில்தான். செய்ய வேண்டியவை:

1. அவசரம் என்றால் வை-ஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் பதிவை முடித்துவிடலாம்.

2. மோடத்தின் மின் இணைப்பைப் பிடுங்கி, அரை நிமிடம் கழித்து மீண்டும் போடவும். பல நேரம் இதுவே போதும்.

3. அதற்கும் சரியாகாவிட்டால், இணைப்புக் கொடுத்தவரை அழைத்து, மோடத்தில் டி.என்.எஸ் எண்ணை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என மாற்றித் தரச் சொல்லலாம். இந்த எண்களைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் கிடையாது.

4. வை-ஃபை, டேட்டா இரண்டிலும் திறக்கவில்லை என்றால், ஆண்ட்ராய்டு போனின் நெட்வொர்க் அமைப்பில் ‘பிரைவேட் டி.என்.எஸ்’ பகுதியைப் பார்க்கவும். விளம்பரத்தைத் தடுக்க யாராவது அங்கே ஏதாவது பெயரைப் போட்டிருந்தால், ‘ஆட்டோமேட்டிக்’ என மாற்றவும்.

‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று வந்தால், போனில் தேதி, நேரம் சரியா என்று பார்க்கவும். நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தால், கடைசி நாள் கூட்டத்தில் தளம் திணறுகிறது என்று பொருள்; அதிகாலையில் முயற்சி செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை. தளம் திறக்கவில்லை என்று கூகுளில் தேடி, கண்ணில் படும் ‘உதவி எண்’ணை அழைக்க வேண்டாம். ஓ.டி.பி-யை யாரிடமும் சொல்லக் கூடாது. மத்திய அரசுத் தளங்களின் முகவரி பெரும்பாலும் ‘ஜி.ஓ.வி. புள்ளி இன்’ என்றுதான் முடியும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யவும்.

எது எப்படியானாலும், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல்களுடன் பொதுச் சேவை மையத்திலோ, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ பதிவு செய்து, ரசீதைக் கையோடு வாங்கிக்கொள்ளவும். மோடம் கோளாறை நாளைக்கும் சரிசெய்யலாம். தவறிய காப்பீட்டுத் தேதி திரும்ப வராது.