கோபம் ஆட்சியின் மீதா? பள்ளிக்கூடத்தின் மீதா?

"வெள்ளைக்காரன் பாஷையைப் படிப்பதே ஹராம் என்று ஃபத்வா கொடுத்துப் போராடிய சமுதாயம் இது!"

மேடைக்கு மேடை நாம் முழங்கும் வாசகம். தக்பீர் முழக்கம் விண்ணைப் பிளக்கும். அந்த ஃபத்வாவுக்கு விலை கொடுத்தது யார் என்று எந்த மேடையாவது சொன்னதுண்டா?

கோபத்துக்குக் காரணம் இருந்தது. 1799ல் திப்பு சுல்தான் ஷஹீதாக்கப்பட்டார். 1857 புரட்சிக்குப் பின் டெல்லி முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டு விரட்டப்பட்டனர். பகதூர் ஷா ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862ல் அங்கேயே மவ்த்தானார். இவற்றை மறக்கச் சொல்லவில்லை.

ஆனால் அநீதி செய்தது ஆட்சி. நம் கோபம் பாய்ந்தது பள்ளிக்கூடத்தின் மீது! 1875ல் அலிகரில் கல்லூரி தொடங்கிய சர் சையத் அஹ்மத் கானைக் காஃபிர் என்றார்கள். 1920ல் பல்கலைக்கழகமாகிவிட்ட அதே இடத்தில் இன்று நம் பிள்ளைக்கு சீட் கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ் என்கிறோம்!

கல்வியிலும் அரசு வேலையிலும் நாம் பின்தங்கிக் கிடப்பதை 2006ல் சச்சார் அறிக்கை புட்டுப்புட்டு வைத்தது. ஆட்சியாளர்களின் பாரபட்சம் உண்மை. நம் கையாலேயே நாம் பூட்டிக்கொண்ட கதவும் உண்மை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

யூதர்களின் மொழியைக் கற்றுக்கொள்ளும்படி ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்யக்கூடாது என்கிறது அல்மாயிதா அத்தியாயத்தின் 8வது வசனம். இதில் ஆங்கிலேயருக்கு மட்டும் விதிவிலக்கு எங்கே இருக்கிறது?

குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1930ல் வெளியிட்ட மர்மடியூக் பிக்தால் யார்? இஸ்லாத்தை ஏற்ற ஆங்கிலேயர். ஈராக் மீது போர் தொடுக்காதே என்று 2003 பிப்ரவரி 15ல் லண்டன் வீதிகளில் லட்சக்கணக்கில் திரண்டவர்கள் யார்? பிளேரின் சொந்த நாட்டு மக்கள்! எவனோ ஒருவன் குண்டு வைத்ததற்கு ஒட்டுமொத்த முஸ்லிம்களையும் தீவிரவாதி என்றால் துடிக்கிறோமே, அதே தராசில் அடுத்தவரை நிறுக்கலாமா?

அவர்களின் மதுவும் வட்டியும் நமக்கு வேண்டாம். மொழி என்ன பாவம் செய்தது?

வியாபாரப் பெருமக்களே! ஏற்றுமதி ஆர்டர் எந்த மொழியில் வருகிறது? வரி நோட்டீஸ் வந்தால் படித்துச் சொல்ல யாரைத் தேடி ஓடுகிறீர்கள்? மேடையில் முழங்கியவரின் மகன் மெட்ரிகுலேஷன் பள்ளியில். கைதட்டியவரின் மகன் கடையில்!

இளைஞர்களே! உங்கள் மஹல்லாவில் இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஆங்கில வகுப்பு தொடங்குங்கள். படித்தவர் பாடம் நடத்தட்டும். வியாபாரிகள் செலவை ஏற்கட்டும். பெண் பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு வேண்டும். இதற்கு ஜமாஅத் நிர்வாகம் இடம் தர மறுத்தால், ஏன் என்று ஜும்ஆவுக்குப் பின் கேளுங்கள்!