காய்ச்சல் விட்டால் கடமை விட்டதா?

லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீடுகளுக்குக் காய்ச்சல் வர எத்தனை நாள் வேண்டும்? சுவர் ஒன்று, கூரை ஒன்று. 1918இல் இன்புளுவென்சா, 1957இல் ஆசியக் காய்ச்சல், 2020இல் கொரோனா என்று கடல் கடந்து வந்த நோயெல்லாம் ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் ஏறி வந்தது. காய்ச்சலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அது போன பின்பு நெஞ்சுக்குள் நிகழ்வதைப் பற்றிப் பேசுவார் இல்லை.

சுவாச நோய்க் கிருமி சிலருக்கு நுரையீரலோடு நிற்பதில்லை. இருதயத் தசையையும் அழற்சியுறச் செய்கிறது. இருதயத்தை ஒழுங்காக அடிக்க வைப்பது அத்தசையில் ஓடும் நுண்ணிய மின்துடிப்பு. தசை பழுதுபட்டால் துடிப்பு வழி தவறும். நாடி படபடக்கும், இடையில் தவறும், தலை சுற்றும். பெரும்பாலோருக்குத் தானே அடங்கிவிடும். அரிதாகச் சிலருக்கு உயிரையே கொண்டுபோகும். இத்தகைய அழற்சி கண்ட விளையாட்டு வீரரை 3 முதல் 6 மாதம் வரை மைதானத்துக்கே போகவிடாமல் வைத்தியர்கள் தடுப்பது வழக்கம். பந்தடிப்பவருக்கு உள்ள நெஞ்சுதானே செங்குத்து மலையில் கொழுந்து சுமப்பவளுக்கும்?

அவளோ காய்ச்சல் தணிந்த மறுநாளே பிரட்டில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேர் இல்லை. நின்றும் குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். "நெஞ்சு அடிக்குதுங்க" என்று சொன்னால், பலவீனம் என்று இரண்டு மாத்திரை.

சட்டம் என்ன சொல்கிறது? 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்தில் நேரும் நோய் அனைத்தையும் துரை அறிந்திருக்க வேண்டும், உடனடி நிவாரணத்துக்கு ஆவன செய்ய வேண்டும் என்று விதித்தது. வேலைக்கு ஆள் குறையக்கூடாதே என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும்; இருக்கட்டும். எழுத்தில் கடமை கடமைதான். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. நிலமும் ஆலையும் கைமாறின. இந்தக் கடமை யார் கைக்குப் போயிற்று?

1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், பட்டணத்துக் குமாஸ்தாவுக்குச் சுகவீனத்துக்கும் சொந்தக் காரியத்துக்குமாக ஆண்டில் 7 நாள் சம்பளத்தோடு லீவு தந்தது. கொழுந்து பறிப்பவள் கடையிலும் இல்லை, கந்தோரிலும் இல்லை!

டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டிய 150 படுக்கை வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆயினும் மேற்கோட்டத்திலிருந்து இறங்கிப் போய்வர ஒரு நாட்சம்பளம் போய்விடுகிறதே! ஈ.சி.ஜி. எடுக்கச் சில நிமிடமே போதும். தோட்ட மருந்தகத்துக்கு ஒரு கருவி, அதை இயக்கப் பயின்ற ஒருவர், வைத்தியர் எழுதிய ஓய்வு நாளுக்கு முழுப்பேர் ஆகிய இவற்றைச் சம்பளப் பேச்சு மேசையில் தொழிற்சங்கத் தலைவர்கள் வைப்பார்களா?

அதுவரை தொழிலாளருக்கு ஒன்று. காய்ச்சலுக்குப் பின் நாடி தாறுமாறாக ஓடினால் மலையேறாதீர்கள். மருந்தகத்தில் சொல்லித் தேதியோடு எழுத்தில் பதியச் செய்யுங்கள். மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கண்டால் பதிவுக்கும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள்.