காலாவதியாகாத நம் பட்டமும் காலாவதியாகும் அவர்கள் சான்றிதழும்



நான் 2002ஆம் ஆண்டு இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றவன். அதன்பின் ஒரு கியர்பாக்ஸைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை. வயிறு வளர்ப்பது கணினித் துறையில். எனினும் அந்தப் பட்டத்தைப் புதுப்பிக்கும்படி இன்றுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை. மாறாக, என் மகிழுந்தைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் சுவரில் தொங்கும் சான்றிதழ்கள் ஒவ்வொன்றிலும் காலாவதி நாள் அச்சிடப்பட்டிருக்கிறது. எது உண்மையான தொழில்நுட்பத் தகுதி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சென்ற குளிர்காலத்தில் என் பழைய கேம்ரியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நம்மவர் பலரையும் போல நானும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கோடு ரீடர் ஒன்றை வாங்கி வைத்திருந்தேன். பி0420 என்று காட்டியது. "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றிக் கொடுங்கள்" என்று நோயாளியே மருந்துச் சீட்டு எழுதுவதைப் போலச் சொன்னேன். அவர் இரண்டு மணி நேரம் வண்டிக்கடியில் கிடந்து, சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் இருந்த மயிரிழைக் கசிவைக் கண்டுபிடித்தார். ஆயிரம் டாலருக்கு மேல் மிச்சம். ஆனால் ஒரு மணி நேரச் சோதனைக் கட்டணத்தைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன்? பேரம் பேசினேன். வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

அன்று அவர் சொன்ன கணக்குதான் இக்கட்டுரைக்குக் காரணம். விற்பனையகங்கள் பலவற்றில் மெக்கானிக்குக்குக் கடிகார மணிக்கு ஊதியம் இல்லை. 'ஃபிளாட் ரேட்' என்னும் புத்தக மணிக்குத்தான் ஊதியம். ஒரு வேலைக்கு 1.5 மணி என்று புத்தகம் சொன்னால், மூன்று மணி நேரம் உழைத்தாலும் 1.5தான். வண்டி வராத நேரத்துக்குப் பல இடங்களில் ஒன்றுமில்லை. உத்தரவாதக் காலப் பழுதுகளுக்கான நேரத்தை நிர்ணயிப்பதோ வண்டியைத் தயாரித்த நிறுவனமே! பணம் கொடுப்பவனே கடிகாரத்தையும் கையில் வைத்திருக்கும் விந்தை இது.

கைதேர்ந்தவர் வாரத்தில் 40 மணி உழைத்து 60 மணிக் கூலி வாங்க முடியுமே என்பர் முதலாளிகள். உண்மைதான், பிரேக் மாற்றும் வேலைகள் வரிசையாக வந்தால். ஆனால் எங்கோ ஒரு கம்பியில் விட்டுவிட்டு வரும் மின்கோளாற்றைத் தேடும் கடினமான வேலை யாருக்குக் கொடுக்கப்படுகிறது? கூடுதல் சான்றிதழ் பெற்ற அந்தக் கைதேர்ந்தவருக்குத்தான். அதிகம் கற்றவனுக்கே புத்தகத்தில் குறைந்த மணி. இதற்குப் பெயர் திறமைக்குப் பரிசா?

இனிச் சான்றிதழுக்கு வருவோம். 1972இல் தொடங்கப்பட்ட ஏ.எஸ்.இ. அமைப்பின் மாஸ்டர் தகுதிக்கு எஞ்சின் முதல் பிரேக், மின்னமைப்பு, குளிரூட்டி வரை ஏ1 முதல் ஏ8 வரையிலான எட்டுத் தேர்வுகள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தலே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. கலப்பின வண்டிகளில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் ஓடுகிறது. முன்கண்ணாடியை மாற்றினாலே கேமராவைத் திரும்பச் சீரமைக்க வேண்டியிருக்கிறது. பழைய அறிவு போதாது. என் வினா ஒன்றே: செலவு யாருடையது? என் கணினிச் சான்றிதழ்த் தேர்வுக்கு நிறுவனம் பணம் கட்டுகிறது, படிக்க நேரமும் தருகிறது. மெக்கானிக்கோ பல பட்டறைகளில் தன் பணத்தில், தன் ஞாயிற்றுக்கிழமையில் படிக்கிறார். கைக்கருவிகளும் சொந்தப் பணம். சான்றிதழைக் கடை முகப்பில் மாட்டி வாடிக்கையாளரை ஈர்ப்பது மட்டும் முதலாளி.

சட்டமாவது துணை நிற்கிறதா என்றால், அதுவும் அரைகுறையே. 1938ஆம் ஆண்டின் நியாயத் தொழில் தரச் சட்டம் நாற்பது மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு ஊதியம் என்கிறது. ஆனால் வாகன விற்பனையகங்களின் மெக்கானிக்குகளை 1966ஆம் ஆண்டுத் திருத்தம் அதிலிருந்து விலக்கி வைத்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் அவ்விலக்கைச் சேவை ஆலோசகர்களுக்கும் நீட்டித்தது. கலிபோர்னியா மட்டும் சற்று மாறுபட்டது: காத்திருக்கும் நேரத்துக்குத் தனியே ஊதியம் தர வேண்டும் என 2013இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2016 முதல் அது சட்டமாகவே உள்ளது. சொந்தக் கைக்கருவி கொண்டுவரும் தொழிலாளிக்கு அங்கே குறைந்தபட்சக் கூலியின் இருமடங்காவது தர வேண்டும். கலிபோர்னியாவில் இயல்வது டெக்சாஸில் ஏன் இயலாது? 2017இல் சிகாகோப் பகுதியில் சுமார் 2,000 மெக்கானிக்குகள் ஏழு வாரம் வேலைநிறுத்தம் செய்தபோது நம்மில் எத்தனை பேர் அதை அறிந்தோம்? ஆயில் மாற்றத் தாமதமாகிறது என்றுதான் அறிந்திருப்போம்.

தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் கணக்கில் 2023இல் ஒரு வாகனத் தொழில்நுட்பரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 47,770 டாலர். பட்டறைகளில் ஆளில்லை என்று புலம்புவோர் இவ்வெண்ணை ஒருமுறை உரக்கப் படிக்கட்டும்.

அண்மையில் ஒரு விருந்தில் நண்பர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, குரலைத் தாழ்த்தி, ஏதோ குடும்ப இரகசியம் சொல்வதுபோல், தம் மகன் சமுதாயக் கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிக்க விரும்புவதாகக் கூறினார். "எப்படியாவது அவன் மனத்தை மாற்றுங்கள்" என்றார். நான் மறுத்துவிட்டேன். அதற்கு மாறாக, அந்தப் பையன் வேலைக்குச் சேரும் நாளில் கேட்க வேண்டிய வினாக்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: ஊதியம் கடிகார மணிக்கா, புத்தக மணிக்கா? வண்டி வராத வாரத்தில் எத்தனை மணிக்கு உத்தரவாதம்? கோளாறு தேடும் நேரம் கணக்கில் வருமா? தேர்வுக் கட்டணமும் புதுப்பிக்கும் கட்டணமும் யார் கட்டுவது? தேர்ச்சி பெற்றால் மணிக்கு எத்தனை டாலர் உயரும், அதை எழுத்தில் தருவீர்களா?

தாளை வாங்கிய தந்தை இரண்டு முறை படித்துவிட்டு, இவற்றில் ஒன்றையேனும் தாம் தம் முதல் வேலையில் கேட்கவில்லையே என்றார்.